டர்போ காருக்கு எவ்வளவு டோஸ் கூட்டலாம்? என் சொந்த அனுபவம்



வழக்கமா சுகர், பிரஷர், நாய்க்கடி, பாம்புக்கடின்னு எழுதுற ஆள் இன்னைக்கு கார் எஞ்சின் பற்றி எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான இழை. டீயைப் போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறவன். ஊர் ஏழாயிரம்பண்ணை. ஆசைப்பட்டு ஒரு தப்பு செய்தேன், அதைச் சரிசெய்யும்போது கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இது.

என் கார் 2014 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாங்கும்போதே ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது.

அதில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி மல்டிஜெட் எஞ்சின். 2007-ல் ஸ்விஃப்டில் வந்தது. அதற்கப்புறம் மாருதி, டாடா, ஃபியட், செவர்லே என்று பல கம்பெனிக் கார்களில் இதே எஞ்சின்தான். "நேஷனல் எஞ்சின்" என்றே பட்டப்பெயர். 2020-ல் பிஎஸ் 6 வந்தபோது மாருதி இதை நிறுத்தியது. இன்னும் லட்சக்கணக்கில் ரோட்டில் ஓடுகிறது. இதைப் படிக்கிற உங்களில் பல பேர் வீட்டு வாசலிலும் நிற்கும்.

நல்ல எஞ்சின். ஒரே ஒரு குணம் உண்டு. 2000 ஆர்பிஎம் வரைக்கும் தூங்கும். அதற்கப்புறம் திடீரென்று எழுந்து ஓடும். டர்போ லேக் என்று சொல்வார்கள்.

ஊரில் சும்மா போக வர அது தொந்தரவே இல்லை. எங்கள் சாத்தூர் ரோட்டில்தான் தொந்தரவு.

இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். போக ஒரு லேன், வர ஒரு லேன். இரண்டு பக்கமும் கரிசல் காடு, கருவேல மரம். காலையில் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள். நடுவில் டிராக்டர், லோடு ஆட்டோ, ஒரு குடும்பமே உட்கார்ந்து போகும் எக்ஸ்எல். ஒரு டிராக்டரை ஓவர்டேக் பண்ண மூன்றாவது கியரில் மிதித்தால் கார் யோசிக்கும். அது யோசித்து முடிப்பதற்குள் எதிரே பஸ் வந்துவிடும்.

ரேஸ் ஓட்டும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. அந்த ஓவர்டேக்கில் கூடக் கொஞ்சம் இழுவை இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். நியாயமான ஆசைதானே?

டர்போ என்ன செய்கிறது?

எங்கள் ஊர்ப் பக்கம் "மருந்து" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். நான் எழுதித் தருவதும் மருந்து. பட்டாசுக்குள் போடுவதும் மருந்து.

பட்டாசு மருந்து எரிய வெளிக்காற்று வேண்டாம். ஆக்சிஜன் தரும் உப்பு அதற்குள்ளேயே கலந்திருக்கும். கார் எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெளிக்காற்றிலிருந்து இழுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு கிலோ டீசல் முழுசா எரிய சுமார் பதினாலரை கிலோ காற்று வேண்டும்.

ஆக, எஞ்சினுக்குப் பலம் கூட்ட வேண்டும் என்றால் டீசலை மட்டும் கூட்டினால் போதாது. காற்றையும் கூட்ட வேண்டும்.

சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூடான புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே அச்சில் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுவது டர்போ. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம காரில் இருப்பது உள்ளங்கை அளவு. ஆனால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த அச்சைத் தாங்கிக்கொண்டிருப்பது மெல்லிசான எண்ணெய்ப் படலம் மட்டும்தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னால் வரும்.

நான் செய்த தப்பு

இணையத்தில் ஒரு ட்யூனிங் பாக்ஸ் விற்றார்கள். ஏழாயிரம் ரூபாய். "பத்தே நிமிடத்தில் நீங்களே மாட்டலாம், 25 சதவீதம் பவர் கூடும், மைலேஜும் கூடும்." வாங்கினேன். மாட்டினேன். அன்றைக்கு ஓட்டியபோது சந்தோஷம் தாங்கவில்லை. டிராக்டர் எல்லாம் நின்றுகொண்டிருப்பது போல் இருந்தது.

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

டீசல் எஞ்சினில் காமன் ரயில் என்ற குழாயில் டீசல் பயங்கர அழுத்தத்தில் நிற்கும். சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் போகும். அந்த அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து இசியூவுக்குச் சொல்லும். இசியூ என்பது வண்டியின் மூளை. இந்த மலிவுப் பெட்டி சென்சாருக்கும் மூளைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அளவைக் குறைத்துச் சொல்லும். "அய்யோ, பிரஷர் கம்மியா இருக்கே" என்று மூளை அழுத்தத்தைக் கூட்டும். இன்ஜெக்டர் வழியே கூடுதல் டீசல் போகும்.

இதை மருத்துவத்தில் யோசித்துப் பாருங்கள். நோயாளிக்கு பிரஷர் 140. கருவி கெட்டுப்போய் 80 என்று காட்டுகிறது. அதை நம்பி நான் பிரஷர் ஏற்றும் மருந்தைப் போடுகிறேன். மருந்தும் வேலை செய்யும், பிரஷரும் ஏறும். நோயாளி கதி?

டீசல் கூடியது. அதற்கேற்ற காற்று கூடவில்லை. எரியாத மிச்சம் கறுப்புப் புகையாகப் பின்னால் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். "பவர் கூடினால் புகை வரத்தானே செய்யும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சிகரெட் பிடிக்கிற நோயாளி என்னிடம் இப்படிச் சொன்னால் விடுவேனா?

அந்தச் சனிக்கிழமை

மூன்று வாரம் ஓடியது. ஒரு சனிக்கிழமை மதியம். எனக்கு அன்று டியூட்டி இல்லை, வீட்டில் இருந்தேன். மருத்துவமனையிலிருந்து போன்.

"சார், பட்டாசு கேஸ் வருது. நாலு பேருன்னு சொல்றாங்க. வர முடியுமா சார்?"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த போன் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் விபத்தை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. இருபதுக்கும் அதிகமான உயிர்கள். அதற்கப்புறம் இப்படி ஒரு போன் வந்தால் சட்டை பட்டனைக்கூட காருக்குள் உட்கார்ந்துதான் போடுவேன்.

தீக்காயத்தில் நேரம் ஏன் முக்கியம் என்று கொஞ்சம் சொல்கிறேன். பெரிய தீக்காயத்தில் உடம்பின் நீர் ரத்தக்குழாயை விட்டுக் கசிந்து வெளியே போய்விடும். அதை ஈடுகட்டச் சலைன் ஏற்றுகிறோம். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. உடல் எடையையும் வெந்த பரப்பின் சதவீதத்தையும் நாலு மில்லியையும் பெருக்க வேண்டும். 60 கிலோ ஆள், 40 சதவீதம் என்றால் 9,600 மில்லி. அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். அந்த எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை, தீ பட்ட நேரத்திலிருந்து. நாலு பேர் ஒரே நேரத்தில் வந்தால் ஒரு டாக்டருக்குக் கை போதாது.

மருத்துவமனை என் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகும் தூரம்தான்.

வழியில் ஒரு டிராக்டர். மூன்றாவது கியரில் மிதித்தேன். ஆர்பிஎம் முள் சரசரவென்று ஏறியது. வண்டி ஏறவில்லை. எஞ்சின் கத்துகிறது, கார் அப்படியே போகிறது. எதிரே வேன். பிரேக் போட்டு டிராக்டருக்குப் பின்னால் ஒதுங்கினேன். கருகின வாடை. இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளாடி, ரோட்டோரம் நின்றுவிட்டது. முதல் கியர் போட்டாலும் நகரவில்லை.

க்ளட்ச் ப்ளேட் போய்விட்டது. ஏற்கனவே ஒரு லட்சம் கிலோமீட்டர் தேய்ந்த ப்ளேட். அதன் மேல் அது தாங்காத முறுக்கு விசையை மூன்று வாரமாக ஏற்றியிருக்கிறேன்.

வெயிலில் நின்று கை காட்டினேன். தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிய ஒரு குட்டியானை நின்றது.

"என்னா டாக்டரே, வண்டி நின்னு போச்சா? ஏறுங்க."

குட்டியானை என்று நாம் சொல்கிற பழைய டாடா ஏஸில் இருப்பது 702 சிசி, டர்போ இல்லாத, வெறும் 16 குதிரைத்திறன் எஞ்சின். என் காருக்கு 75. பெட்டி மாட்டினதால் 90-க்கு மேல் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதினாறு குதிரைதான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நான் உள்ளே நுழையும்போது முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதம். டியூட்டி டாக்டரும் சிஸ்டர்களும் நாலு பேருக்கும் லைன் போட்டுச் சலைன் ஓட விட்டிருந்தார்கள். அதிகமாக வெந்திருந்தவரை மதுரைக்கு அனுப்ப 108 வாசலில் நின்றது. என் தாமதத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது அவர்கள் சாமர்த்தியம், என் சாமர்த்தியம் இல்லை.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது மூத்த சிஸ்டர் ஒருவர் கேட்டார்:

"என்னா சார் இவ்வளவு லேட்டு? வண்டியைத்தான் ஸ்பீடாக்கிட்டேன்னு போன வாரம் சொன்னீங்களே?"

கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

முதலில் நோய், அப்புறம் மருந்து

காரைக் கட்டி இழுத்து எங்கள் மெக்கானிக் அண்ணாச்சியிடம் விட்டேன். பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பானெட்டுக்குள் ஒரு மணி நேரம் தலையை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது இது:

"சார், வண்டிக்கு மூச்சு முட்டுது. நீங்க அதுக்கு அடிச்சு ஓட்டுறதுக்கு ஊசி போட்டிருக்கீங்க."

அவர் கண்டுபிடித்ததை வரிசையாகத் தருகிறேன். உங்கள் வண்டியிலும் பாதி இருக்கும்.

1. ஏர் ஃபில்டர். கரிசல் புழுதி அப்பி அடைத்துக் கிடந்தது.

2. டர்போவிலிருந்து எஞ்சினுக்கு அமுக்கிய காற்று போகும் ரப்பர் குழாயில் விரிசல். கிளிப் பக்கத்தில் எண்ணெய்க் கசிவு படிந்திருந்தது. டர்போ தள்ளும் காற்றில் ஒரு பங்கு அந்த வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது.

3. இஜிஆர் வால்வு. புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் கதவு. கரி பிடித்து முழுசாக மூடாமல் நின்றது. நல்ல காற்று போக வேண்டிய இடத்தில் புகை போய்க்கொண்டிருந்தது.

4. உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு.

5. டீசல் ஃபில்டரில் தண்ணீர்.

6. பின்சக்கரம் ஒன்றில் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்தது.

7. நாலு டயரிலும் காற்று கம்மி. நான் கடைசியாக எப்போது காற்று பிடித்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

மூச்சுத் திணறலோடு ஒருவர் வந்தால் முதலில் ஏன் திணறுகிறது என்று பார்ப்போம். ரத்தசோகையா, ஆஸ்துமாவா, இதயமா? காரணம் பார்க்காமல் சத்து டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பினால் அவன் டாக்டரே இல்லை. என் காருக்கு நான் அதைத்தான் செய்திருந்தேன்.

எல்லாம் சரி செய்து, கம்பெனி க்ளட்ச் புதுசு போட்டு, எண்ணெய் மாற்றி வண்டியை எடுத்தேன்.

சந்தோஷமான விஷயம் இங்கேதான். காலை ஆறு மணிக்கு ஆள் இல்லாத நேரான ரோட்டில், மனைவி போனில் நேரம் பார்க்க, மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 வரை அளந்தோம். பெட்டி வாங்குவதற்கு முன் ஒருமுறை இதே மாதிரி அளந்தபோது 11 நொடி. இப்போது எட்டரை.

இரண்டரை நொடி பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டரை நொடிக்கு நாம் 40 மீட்டர் ஓடிவிடுவோம். எதிரே வரும் பஸ்ஸும் அதே வேகம் என்றால் அதுவும் 40 மீட்டர். ஆக 80 மீட்டர் இடைவெளி நமக்கு மிச்சம். எந்த ட்யூனிங்கும் இல்லாமல், கம்பெனி கொடுத்திருந்ததைத் திரும்ப வாங்கினதிலேயே இவ்வளவு.

பவர் கூட்ட ஆசைப்படும் யாராக இருந்தாலும் இந்த ஏழு விஷயத்தை முதலில் பாருங்கள். பாதிப் பேருக்கு இதோடு ஆசை அடங்கிவிடும்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால்?

எனக்கு முழுசாக அடங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தமுறை படித்துவிட்டுப் போனேன்.

முதலில் கண்ணைத் திறந்தது ஒரு சின்ன விஷயம். என் எஞ்சினையே கம்பெனி இரண்டு விதமாக விற்றிருக்கிறது. ஒன்று 75 குதிரை, 190 நியூட்டன் மீட்டர். இன்னொன்று எர்டிகா போன்ற வண்டிகளில் 90 குதிரை, 200 நியூட்டன் மீட்டர். அந்தப் பதினைந்து குதிரையைக் கூட்ட அவர்கள் டர்போவையே மாற்றியிருக்கிறார்கள். இறக்கையின் கோணம் மாறிக்கொள்ளும் விஜிடி டர்போ. அப்படியும் முறுக்கு விசையைக் கூட்டியது வெறும் பத்து.

எஞ்சினைச் செய்தவர்களே இவ்வளவு பயந்து கூட்டிய இடத்தில், ஏழாயிரம் ரூபாய்ப் பெட்டி ஒன்று அதைவிட அதிகம் தருகிறேன் என்றால் அது எங்கிருந்து எடுத்துத் தருகிறது?

கம்பெனி மிச்சம் வைத்திருக்கும் தாங்குதிறனிலிருந்துதான். வேறு எங்கிருந்தும் வராது.

அந்த மிச்சம் வீணாகக் கிடப்பது இல்லை. நம் இதயம் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தம் தள்ளும். ஓடும்போது அதைப் போல மூன்று நாலு மடங்கு தள்ள முடியும். அந்த மிச்சம்தான் காய்ச்சலிலும் விபத்திலும் பிரசவத்திலும் ஆளைக் காப்பாற்றுகிறது. காரிலும் அப்படியே. சித்திரை வெயில், அடைத்த ஃபில்டர், கலப்பட டீசல், ஐந்து பேர், ஏசி, மலை ஏற்றம் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வரும்போது தாங்குவதற்காக வைத்தது அது. அதிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம். முழுசாகத் துடைத்து எடுத்தால் கஷ்டமான நாளில் கையில் ஒன்றும் இருக்காது.

பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற கார் வந்தது. டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. பெட்ரோல் எஞ்சினில் காற்றை அதிகம் அமுக்கினால் எரிபொருள் ஒழுங்காக எரியாமல் படபடவென்று வெடிக்கும். நாக்கிங் என்பது அதுதான். அதைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை ஜெட்ஃபயர் பீய்ச்சியது. அந்தத் தொட்டியை உரிமையாளர்தான் நிரப்ப வேண்டும். நிறையப் பேர் நிரப்பவில்லை. தொட்டி காலியானால் கார் டர்போவை அடக்கிக்கொள்ளும். வாங்கியவர்களுக்கு வெறுத்துப்போய் டர்போவையே கழற்றிப் போட்டவர்களும் உண்டு. 1963-ஓடு கார் நின்றது. தினமும் கவனித்தால்தான் வேலை செய்யும் பவர் நீடிக்காது. உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டால் மட்டுமே தாங்கும் ட்யூனிங்கும் அப்படித்தான். நம்ம ஊர் பங்கில் அந்தப் பெட்ரோலுக்கு எங்கே போவீர்கள்?

சுவீடன்காரர்கள் சாப் 99 டர்போவை 1977-ல் கொண்டுவந்தபோது வேறு வழியில் யோசித்தார்கள். உச்ச வேகத்தை விட்டுவிட்டு, அன்றாடம் ஓட்டும் ஆர்பிஎம்மில் இழுவை கிடைக்கும்படி சின்ன டர்போ வைத்தார்கள். அமுக்கம் ஓர் அளவுக்கு மேல் போனால் புகையைப் பக்கவழியில் திருப்பிவிடும் வால்வும் வைத்தார்கள். வீட்டுக்காரர் தினமும் ஓட்டும் வண்டிக்கு டர்போ பொருந்தியது இந்த மாதிரி யோசனையால்தான்.

நான் கோயம்புத்தூரில் டைனோ வைத்திருக்கும் ஒரு ட்யூனரிடம் போனேன். டைனோ என்பது காரை உருளை மேல் ஓட விட்டுச் சக்கரத்தில் வரும் பலத்தை அளக்கும் கருவி. நம்ம ட்ரெட்மில் டெஸ்ட் மாதிரி.

அவர் முதலில் அளந்தார். சக்கரத்தில் 64 குதிரை. பற்சக்கரத்தில் போகும் இழப்பு போக, கம்பெனி சொன்ன கணக்குக்குச் சரியாக வந்தது. அப்புறம் கேட்டார்:

"என்ன வேணும் சார் உங்களுக்கு? நூறு கொண்டு வரலாம். ஆனா எதுக்கு?"

"ஓவர்டேக்குக்குத் தம்பி. சத்தம் வரக்கூடாது, புகை வரக்கூடாது, ரோட்டில் நிற்கக்கூடாது."

"அப்ப பதினஞ்சு சதவீதத்தோட நிறுத்திக்குவோம்."

அவர் செய்தது மூளையை ஏமாற்றும் வேலை இல்லை. இசியூவுக்குள் இருக்கும் அட்டவணையையே நேரடியாக, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். வரும் காற்றை அளந்து அதற்கேற்ற டீசல் மட்டும் விடும் கட்டுப்பாட்டை அப்படியே விட்டார். 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே கை வைக்கவில்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது திடீர் முறுக்கு கொடுத்தால் க்ளட்ச்சும் உள்ளே இருக்கும் கம்பிகளும்தான் அடி வாங்கும். அதிகபட்ச முறுக்கு விசையைப் பத்து சதவீதத்தோடு நிறுத்தினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டம், அளவு, புகை பார்ப்பது, பிறகு அடுத்தது.

பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தீக்காய வார்டுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெருக்கல் கணக்கு ஆரம்பத்துக்கு மட்டும்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு மணி நேரமும் சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று அளந்து சலைனைக் கூட்டுவோம், குறைப்போம். குறைந்தால் சிறுநீரகம் போகும். அதிகமானால் நுரையீரலில் நீர் கோக்கும். அளக்காமல் ஏற்றுவது வைத்தியம் இல்லை.

கடைசியில் சக்கரத்தில் 74. அதே ரோட்டில் அதே கியரில் 40-லிருந்து 80 ஏழரை நொடி.

கணக்கைப் பார்த்தீர்களா? ரிப்பேர் கொடுத்தது இரண்டரை நொடி. ட்யூனிங் கொடுத்தது ஒரு நொடி. செலவு நேர் எதிர். ரிப்பேருக்கு ஆனதைவிட ட்யூனிங்குக்கு அதிகம் ஆனது.

சத்தம் பற்றி

"ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போடலையா சார்?" என்று தம்பிமார்கள் கேட்கிறார்கள்.

போடவில்லை. எங்கள் ஊருக்குச் சத்தம் புதுசு இல்லை. வெடிக்கும் இடத்திலிருந்து நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகும் பட்டாசைச் செய்யவும் விற்கவும் கூடாது என்று 1999-லிருந்து விதியே இருக்கிறது. சத்தத்தை எண்ணால் அளந்து விற்கும் ஊர் இது.

எங்கள் ஊர்ச் சின்னப் பையனுக்கும் தெரியும், அணுகுண்டு சத்தம் போடும், இருந்த இடத்திலேயே முடிந்துவிடும். ராக்கெட்டின் மருந்து ஒரே அடியாக வெடிக்காமல் சீராக எரியும், அதனால்தான் மேலே போகிறது. எஞ்சினுக்குள் நடக்க வேண்டியது ராக்கெட் வேலை.

டர்போ காரில் புகையின் வேகத்தையும் சத்தத்தையும் டர்போ சக்கரமே பாதி வாங்கிக்கொள்கிறது. என் மாதிரி கொஞ்சமாகக் கூட்டும்போது கம்பெனி சைலன்சர் தாராளமாகப் போதும். அதைக் கழற்றினால் காதுக்குத்தான் பவர் கூடின மாதிரி இருக்கும், டைனோவுக்குத் தெரியாது. இரவு ஒரு மணிக்கு அழைப்பு வந்து தெருவில் வண்டி எடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பாட்டியின் தூக்கம் கலையக்கூடாது என்பதும் ஒரு காரணம்.

புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டரையும் இஜிஆரையும் கழற்றிவிடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. உங்கள் ஓவர்டேக்குக்காக, பின்னால் எக்ஸ்எல்லில் வரும் குழந்தை அதைச் சுவாசிக்க வேண்டியதில்லை.

பத்தியம்

மருந்து எழுதினால் பத்தியமும் சொல்ல வேண்டும்.

- எஞ்சின் ஆயிலைக் கம்பெனி சொன்ன ரகத்தில், சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றுங்கள். முன்பு சொன்ன எண்ணெய்ப் படலம் ஞாபகம் இருக்கிறதா? டர்போவின் உயிர் அதில்தான்.

- காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் மிதிக்காதீர்கள். சில கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள், எண்ணெய் சூடாகட்டும்.

- வேகமாக வந்து உடனே அணைக்காதீர்கள். ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். சூடான டர்போவில் எண்ணெய் ஓட்டம் நின்றால் அங்கேயே கரியாகிவிடும்.

- புழுதி ரோட்டில் ஓட்டுபவர்கள் ஏர் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள்.

- பவரைக் கூட்டும் முன் பிரேக், டயர் இரண்டும் சரியா என்று பாருங்கள்.

- கறுப்புப் புகை, க்ளட்ச் வாடை, புதுசாக ஒரு விசில் சத்தம், இதில் எது வந்தாலும் சமாதானம் சொல்லாமல் மெக்கானிக்கிடம் போங்கள். நான் சொன்ன சமாதானம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தீர்களே.

சட்டம்

இதை மறைத்தால் நான் அரை உண்மை சொன்னதாகிவிடும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. பதிவுச் சான்றிதழில் உள்ள, கம்பெனி சொன்ன விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புதிய காராக இருந்தால் வாரண்டி போகும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்தால், விபத்து நடந்த பிறகு "இது நாங்கள் காப்பீடு செய்த வண்டி இல்லை" என்று கையை விரிக்க இடம் கொடுத்த மாதிரி.

நான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்தேன். புகைச் சோதனை செய்து சான்றிதழ் வைத்திருக்கிறேன். பழைய அட்டவணையை ட்யூனரிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறேன், மாற்று என்று சொன்னால் மறுநாளே பழையபடி மாற்றிவிடுவேன். நீங்கள் செய்வதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். கூடாது என்றால் செய்யாதீர்கள். முதல் பாதியில் சொன்ன ரிப்பேருக்கு யார் அனுமதியும் தேவையில்லை. அதில்தான் பெரிய லாபமும்.

கடைசியாக ஒன்று.

வண்டி இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஓடுகிறது. நடுவழியில் நிற்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஓவர்டேக்கில் மட்டும் எனக்குத் தெரியும். அதையும் முன்பைவிடக் குறைவாகத்தான் செய்கிறேன். இடம் இல்லையென்றால் டிராக்டருக்குப் பின்னாலேயே போகிறேன். ஐந்து நிமிடம் தாமதமாகப் போகலாம், முக்கால் மணி நேரம் தாமதமாகப் போகக் கூடாது என்று அந்தச் சனிக்கிழமை கற்றுக்கொண்டேன்.

போன வாரம் அந்தக் குட்டியானை அண்ணாச்சியை டீக்கடையில் பார்த்தேன்.

"என்னா டாக்டரே, வண்டி இப்பம் ஓடுதா?"

"ஓடுது அண்ணாச்சி. உங்க வண்டி?"

"அது பாட்டுக்கு ஓடுது. ஆயில் மட்டும் நேரத்துக்கு மாத்திப்புடுவேன்."

இவ்வளவு நீளமாக நான் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்குக் காலையில் உங்கள் வண்டியின் டயரில் காற்றும், ஏர் ஃபில்டரும் பாருங்கள். அப்படியே உங்கள் பிரஷரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், நாற்பது தாண்டியவர்கள் கட்டாயமாக.

அடுத்த இழையில் வழக்கம்போல சுகரோடு சந்திப்போம்.